ஈர நெல்லுக்கு ஒரு ராத்திரி: அம்பாரமா, சாக்கா, பரப்பலா?

குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் முட்டிக்கொள்வது டெல்டாவுக்குப் புதிதில்லை. மிஷின் கொட்டிவிட்டுப் போகும் நெல்லில் ஈரப்பதம் 22, 24 என்று இருக்கும். கொள்முதல் நிலையத்தில் வரம்பு 17 சதவீதம். தளர்வு கேட்டு சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போகும். பதில் வரும்வரை நெல் காத்திருக்காது. வெயில் முகம் காட்டும்வரை அதை எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி.

ஈர நெல்லுக்கு உயிர் உண்டு, மூச்சு விடும். அந்த மூச்சில் சூடும் ஈரமும் வெளிவரும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும், மேலே மழைபட்ட இடத்தில் முளையும் விடும். அறுத்த 24 மணி நேரத்துக்குள் காய வைக்கத் தொடங்கு என்பது இதனால்தான்.

நம் ஊரில் அதிகம் செய்வது அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாயால் இறுக மூடுவது. மழை அடிக்கும் நேரத்துக்கு வேறு வழியில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழை விட்ட பிறகும் அப்படியே விட்டுவைப்பதுதான் தப்பு. உள்ளே வியர்த்து, தார்ப்பாயின் அடியில் முத்து முத்தாக நின்ற தண்ணீர் திரும்ப நெல்லிலேயே சொட்டும். முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் அந்த நிமிஷமே கலைத்துவிடணும். ராத்திரி என்றும் பார்க்கக் கூடாது. மூடியே ஆகணும் என்றால் குவியலை உயரமாக்காமல் நீளவாக்கில் வரப்பு போலப் போட்டு, நடுவில் கம்பு நட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக் கட்டி, இரண்டு முனையிலும் காற்றுக்கு வாய் விடுங்கள்.

சாக்கில் பிடிப்பதை ஆபத்து என்பார்கள். அடுக்கினால் ஆபத்துதான். ஆனால் 40 கிலோ சணல் சாக்கை மரக்கட்டை மேல் நிமிர்த்தி, சாக்குக்கும் சாக்குக்கும் ஒரு கை இடைவெளி விட்டு நிறுத்தினால், மூடிய அம்பாரத்தைவிட ஓர் இரவுக்கு இது மேல். ஒவ்வொரு சாக்கும் சின்னக் குவியல். சூடு வெளியே வரத் தூரம் குறைவு. யூரியா சாக்கில் மட்டும் வேண்டாம், அது மூச்சு விடாது. காற்றுப் புகாத சேமிப்புப் பை அதைவிட மோசம்; அது காய்ந்த நெல்லுக்கு உரியது, ஈர நெல்லைப் போட்டால் புளித்த வாடைதான் மிஞ்சும்.

என் ஓட்டு பரப்பலுக்குத்தான். மாட்டுக் கொட்டகை, திண்ணை, கூடம், கல்யாண மண்டபம் கிடைத்தால் அதுவும் சரி. அரை அடி கனத்துக்கு மேல் போகாமல் கொட்டி, காலால் சால் ஓட்டிக் கிளறிக்கொண்டே இருக்கணும். சங்கடம் இடமும் ஆளும்தான். ஐந்து ஏக்கர் நெல்லை எந்தக் கூடத்தில் பரப்புவது?

அங்கேதான் ஊதுவான் வருகிறது. துளையிட்ட பி.வி.சி. குழாயைத் தரையில் கிடத்தி, மேலே நெல்லைக் கொட்டி, ஒரு முனையிலிருந்து காற்று செலுத்துவது. 'மழைக்காற்றே ஈரம், அதை ஊதி என்ன பிரயோசனம்?' என்று கேட்பார்கள். காய வைக்க இல்லை, குளிர வைக்க. டன் நெல்லை 24-லிருந்து 17-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 84 கிலோ தண்ணீர் வெளியேறணும். அதை மழைக்காற்று செய்யாது. சூட்டை மட்டும் வெளியே தள்ளிவிட்டால் நெல் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். கரண்ட் போனால் மறுபடியும் காலால்தான் கிளறணும், அது வேறு கதை.

உப்பும் உமியும் கலந்து வைப்பதும் உண்டு. முளைப்பைத் தள்ளிப்போடும். ஆனால் விற்கப்போகும் நெல்லில் உப்பைக் கலக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கு என்றால் ஈரத்தோடே அவித்துவிடலாம். முளைப்பும் மூச்சும் அத்தோடு நிற்கும், காய வைக்கும் வேலை மட்டும் பாக்கி.

கொள்முதலில் முளைத்தது, நிறம் மாறியது, பழுதானது எல்லாம் சேர்த்து 5 சதவீதம் வரைதான். குவியலின் நடுவில் கருகிய ஒரு பங்கை நல்லதோடு கலந்தால் மொத்தமும் கழிந்துபோகும். கெட்டதைத் தனியே எடுத்துவையுங்கள். விதைக்கு ஒதுக்கும் நெல்லை முதல் நாளே பிரித்து, பாயில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள்; படுக்கிற கட்டிலைக் காலி செய்தாவது.