வாஸா, வேரா, ஹேட் பீனா? ஜோடி எழுவாய்க்கு எது பொருந்தும்?

'மேனேஜருக்கும் தகவல் சொல்லவில்லை, கிளர்க்குகளுக்கும் சொல்லவில்லை.' இதை ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையாக எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது வாஸா, வேரா என்ற குழப்பம்தான். மேனேஜர் ஒருவர், கிளர்க்குகள் பலர். வினை யார் பக்கம் சாய வேண்டும்?

நைதர்–நார், ஐதர்–ஆர், நாட் ஒன்லி–பட் ஆல்ஸோ ஆகிய ஜோடிகளில் வினைக்குப் பக்கத்தில் நிற்கும் பெயரைப் பார்க்க வேண்டும். 'நைதர் தி மேனேஜர் நார் தி கிளர்க்ஸ் வேர் இன்ஃபார்ம்ட்.' பெயர்களை இடம் மாற்றினால் 'நைதர் தி கிளர்க்ஸ் நார் தி மேனேஜர் வாஸ் இன்ஃபார்ம்ட்.' பின்னதும் சரிதான், ஆனால் காதில் இடறுகிறது. நான் எப்போதும் பன்மையைத்தான் பின்னால் வைப்பேன். போத்–அண்ட் வந்தால் யோசனையே வேண்டாம், வேர்தான். அதிகம் பேர் சறுக்குவது 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' வரும் இடத்தில். அங்கே முதல் பெயர் மட்டுமே கணக்கு: 'தி மேனேஜர், அலாங் வித் தி கிளர்க்ஸ், வாஸ் இன்ஃபார்ம்ட்.'

ஹேட் பீனில் இந்தக் கவலை எதுவும் கிடையாது. ஒருவரோ பலரோ, எந்த ஜோடியோ, எந்த வரிசையோ, ஹேட் பீன் மாறாது. நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் மாறும் தமிழ் வினை, எதிர்மறையில் 'வரவில்லை' என்று ஒரே வடிவத்தில் நின்றுவிடும். அவனும் வரவில்லை, அவர்களும் வரவில்லை. அதனால் நைதர்–நார் வாக்கியத்தில் ஹேட் பீன் வரும்போது நமக்கு அது பழகிய இடம் போலவே தோன்றும்.

அந்த வசதிதான் ஆபத்தும். வாஸ்–வேர் சந்தேகம் வந்ததும் ஹேட் பீன் போட்டுத் தப்பிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 'போத் தி மீட்டிங் அண்ட் தி லன்ச் ஹேட் பீன் ஹெல்ட் எஸ்டர்டே' என்று தனியாக ஒரு வாக்கியம் எழுதினால், படிப்பவர் 'நேற்று எதற்கு முன்னால்?' என்று காத்திருப்பார். ஹேட் பீனுக்கு இறந்த காலத்தில் இன்னொரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளிக்கு முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும்.

இதைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். மனதில் 'நேற்று நடந்தது' என்று வந்தால் வாஸ் அல்லது வேர். 'நான் போவதற்குள் நடந்து முடிந்திருந்தது' என்று வந்தால் ஹேட் பீன்.

இரண்டையும் அருகில் வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 'வென் ஐ ரீச்ட், போத் தி கேட் அண்ட் தி டோர் வேர் லாக்ட்' என்றால் நான் போனபோது இரண்டும் பூட்டிய நிலையில் இருந்தன, அவ்வளவுதான். வேர் இருந்த இடத்தில் ஹேட் பீன் வைத்தால், அதற்கு முன்பே யாரோ வந்து பூட்டிவிட்டுப் போனது தெரிகிறது. புகார்க் கடிதமோ விசாரணை அறிக்கையோ எழுதுபவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஆனால் பிஃபோர், ஆஃப்டர் வந்தால் எது முதலில் நடந்தது என்பதை அந்தச் சொற்களே காட்டிவிடும். அங்கே வாஸ், வேர் தாராளமாகப் போதும்.

ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது மட்டும் நான் தயங்காமல் ஹேட் பீன் பக்கம் போவேன். 'பில்லும் ரசீதுகளும் அனுப்பியாயிற்று' என்று அவர் சொன்னது 'ஹி செட் தட் தி பில் அண்ட் தி ரிசீட்ஸ் ஹேட் பீன் சென்ட்' ஆகும். அவர் வாயில் வந்தது வேர் சென்ட்டோ, ஹேவ் பீன் சென்ட்டோ, இரண்டுமே இங்கே ஹேட் பீன் சென்ட்டில் வந்து சேரும்.

அப்புறம், நைதர் போட்ட வாக்கியத்தில் ஹேட் பீனுக்கு நடுவே நாட் நுழைக்காதீர்கள். 'இல்லை' என்பதை நைதரே சொல்லிவிட்டது.