தம்பியைச் சேர்த்த மறுவாழ்வு மையத்தில் மருத்துவரே இல்லை

வலிநிவாரண மாத்திரைகளுக்கு அடிமையான பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள், எங்களைப் போல் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தென்மாவட்டத்துச் சிறுநகரம். டேபென்டடால் என்ற அபின் வகை வலிநிவாரண மாத்திரையை ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு என் தம்பி ஆளானது தெரிந்தபோது, இங்குள்ள அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இல்லை. பேருந்து நிலையச் சுவரொட்டியில் "தொண்ணூறே நாளில் பூரண குணம்" என்றிருந்த ஒரு தனியார் மையத்தில் முன்பணம் 15,000 ரூபாயும், மாதம் 18,000 ரூபாய் வீதமும் கட்டிச் சேர்த்தோம். ரசீது கேட்டதற்குப் பிறகு தருவதாகச் சொன்னார்கள், இன்றுவரை தரவில்லை.

முதல் 45 நாட்கள் அவனைப் பார்க்கவோ தொலைபேசியில் பேசவோ எங்களை அனுமதிக்கவில்லை. மருந்து நின்றதும் வந்த வயிற்றுப்போக்கும், எலும்பைப் பிளப்பதுபோன்ற உடல்வலியும், தூக்கமின்மையுமாக அவன் துடித்த நாட்களில் தூக்க மாத்திரை கொடுத்துக் கட்டிலோடு சங்கிலியால் பிணைத்திருக்கிறார்கள் என்பதை அவன் வெளியே வந்த பிறகுதான் அறிந்தோம். மூன்று மாதத்தில் ஒரு மருத்துவரைக்கூட அவன் பார்க்கவில்லை.

வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் பழைய அளவையே எடுத்துக்கொண்டான். இடைவெளிக்குப் பின் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும் என்பதையும், அப்போது பழைய அளவே மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்பதையும் அந்த மையத்தில் எவரும் எங்களிடம் சொல்லவில்லை. உதடு நீலம் பாய்ந்து கிடந்தவனை அரசு மருத்துவமனையில், அபின் வகை மருந்தின் விளைவை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். பட்டினி போட்டுப் பேய் ஓட்டுவதுபோல் அபின் வகை மருந்தின் பிடியை ஓட்டிவிட முடியாது என்றும், நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் நெடுநாள் கொடுப்பதே முறையான சிகிச்சைகளுள் ஒன்று என்றும் அங்கிருந்த இளம் மருத்துவர்தான் முதன்முதலாக எங்களுக்கு விளக்கினார்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த நோய்களையும் உள்ளடக்கியது. நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை அது தடை செய்கிறது. இத்தகைய சிகிச்சை நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார், பியூப்ரெனார்ஃபின் தருகிறீர்களா என்று கேளுங்கள். "மருந்தில்லாமலே குணப்படுத்துவோம்" என்பதே பதிலாக இருந்தால், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் திரும்பி வந்துவிடுங்கள். வேறு வழி தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அழைத்து, அருகில் எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று விசாரிக்கலாம்.

தம்பி இப்போது மாவட்டத் தலைநகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறான். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு செவ்வாயும் ஒரு நாள் கூலி போகிறது, அவனுடன் செல்லும் அப்பாவின் கூலியும் போகிறது. ஏழு மாதங்களாக ஒரு செவ்வாயையும் அவன் தவறவிடவில்லை. பியூப்ரெனார்ஃபின் மாத்திரை எங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம்.