தேயிலையும் சுற்றுலாவும்: இலங்கையின் வளர்ச்சியை எது தாங்குகிறது?

2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம்; அவர்கள் வழியே நாட்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 440 கோடி டொலர். அதே ஆண்டில் தேயிலை ஏற்றுமதி சுமார் 140 கோடி டொலரையே ஈட்டித் தந்தது. இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, வளர்ச்சியின் வழி சேவைத்துறைதான் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களும் பின்வந்த கொரோனாப் பெருந்தொற்றும் சுற்றுலா வருமானத்தை 2021இல் சுமார் 50 கோடி டொலராகச் சுருக்கிவிட்டபோது, தேயிலை 130 கோடி டொலர் அளவில் நிலைத்து நின்றது. ஊரடங்கு நாள்களிலும் மலையகத்தில் கொழுந்து பறிக்கப்பட்டது. ஆள் தங்காத விடுதி அறையின் ஓர் இரவையோ பிறகு விற்க இயலாது.

இதனாலேயே விவசாயத்தை அசையாத அரண் என்று கொள்வதும் பிழை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இறுகிக்கொண்டிருந்த 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில் அத்தடை தளர்த்தப்பட்டாலும், அடுத்து வந்த பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. அரிசியில் தன்னிறைவை எட்டியிருந்த நாடு அதை இறக்குமதி செய்ய நேர்ந்தது. பயணிகள் கொண்டுவந்த டொலர் நின்றதன் வலி, வரவுசெலவுக் கணக்கு எதையும் அறியாத கமக்காரரின் வயலிலும் விழுந்தது என்பதே என் கணிப்பு.

வேலைவாய்ப்பைப் பார்த்தால் படம் இன்னும் கவலை தருகிறது. உழைப்போரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் விவசாயத்தில் இருக்க, மொத்த உற்பத்தியில் அதன் பங்கு 8 சதவீதத்தை ஒட்டியே உள்ளது. உழைப்போரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களைக் கொண்ட சேவைத்துறை, உற்பத்தியில் பாதிக்கும் மேல் தருகிறது. அதாவது, ஒரு விவசாயத் தொழிலாளி உருவாக்கும் மதிப்பு, சேவைத்துறையில் இருப்பவர் உருவாக்குவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் கேட்டுப் போராடிய ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் சட்டபூர்வமாக்கப்பட்டது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிச் செல்வதில் வியப்பில்லை.

சுற்றுலா மீள்வதும் விரைவே: 2024இல் பயணிகள் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டினர், வருமானம் 300 கோடி டொலரைக் கடந்தது. ஆகவே வேகத்துக்குச் சேவைத்துறையையே நம்ப வேண்டும் என்பதை ஏற்கிறேன். அந்த வேகத்தில் வரும் பணம் எங்கே போகிறது என்பதே எனக்கு முக்கியம். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியைத் தரும் சிறு தோட்டக்காரர்கள், முதிர்ந்த செடியைப் பிடுங்கி மறுநடுகை செய்தால், புதுச்செடி முறையாகக் கொழுந்து தரும் வரை சில ஆண்டுகள் அந்தத் துண்டு நிலத்தில் வருமானமின்றி இருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தைத் தாண்டும் கடனும் மானியமும் சுற்றுலா நன்றாக நடக்கும் இந்த ஆண்டுகளிலேயே ஒதுக்கப்பட வேண்டும்.