செஞ்சி: ராஜகிரி ஏறுவதா, ராணிக்கோட்டை ஏறுவதா?

செஞ்சிக் கோட்டைக்குப் போக நாள் குறித்துவிட்டு, 'ரெண்டுல எந்த மலை ஏறலாம்?' என்று கேட்காதவர்கள் குறைவு. ராஜகிரியா, கிருஷ்ணகிரியா? மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியோடு குழம்பிவிடும் என்பதால், அந்த மலைக்கு இருக்கும் இன்னொரு பேரான ராணிக்கோட்டை என்றே எழுதுகிறேன். இரண்டும் ஏறியாயிற்று. என் ஓட்டு ராஜகிரிக்கு. அது பெரியது, பேர்போனது என்பதற்காக அல்ல, நிழலுக்காக.

ஊரறிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை சாலையில் போனால் வலப்பக்கம் ராணிக்கோட்டை, இடப்பக்கம் சற்று உள்ளே தள்ளி ராஜகிரி. மூன்றாவது மலை சந்திரகிரி, முட்புதர் மண்டிக் கிடப்பது. இந்த மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில் சுமார் 13 கிலோமீட்டர். சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை. பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது, முகலாயப் படை அதைப் பிடிக்க 1698 வரை மல்லுக்கட்டியது. யுனெஸ்கோ 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். 'ராணிக்கோட்டை சின்ன மலை, குழந்தை குட்டியோடு போகிறவர்கள் அதில் ஏறினால் போதும்' என்று பலரும் சொல்வார்கள். படி குறைவு என்பது உண்மைதான், முக்கால் மணி நேரத்தில் மேலே போய்விடலாம். ஆனால் அந்தப் படிகளில் பெரும்பகுதி வெட்டவெளிப் பாறை. செஞ்சி மலைகள் உருண்டை உருண்டையான கருங்கல் குவியல்கள். காலை வெயிலை உறிஞ்சத் தொடங்கினால் பத்து, பதினொரு மணிக்கே தோசைக்கல்லாகிவிடும். மேலிருந்து வெயில், கீழிருந்து அனல், கைவைக்கிற பாறையும் சுடும். தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் கால் மணி நேரத்தில் வாய் உலர்ந்துபோகும். தூரம் குறைவு என்ற லாபம் இதில் அடிபட்டுப் போகிறது.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் கீழ்ப்பாதி, மரங்களுக்கு நடுவே போகிற வழி. மதிலின் கல்லிடுக்கில் வேர்விட்ட மரங்களும், இரண்டு பக்கமும் அடர்ந்த குத்துக்காடும் படியை மூடி நிற்கின்றன. அடர்வனம் என்று சொல்லமாட்டேன், வறண்ட நாட்டுக் காடுதான். ஆனாலும் கமலக்கண்ணி அம்மன் கோவில் வரை உட்கார இடம் தேடி அலைய வேண்டியதில்லை, எந்தப் படியில் உட்கார்ந்தாலும் தலைக்கு மேல் கொஞ்சம் இலை இருக்கும். இந்த அம்மன் பேரில்தான் மலைக்கு முன்பு கமலகிரி என்று பேர். மேற்பாதியில்தான் வெயில் பிடிக்கும். அதற்குள் உடம்பு ஏற்றத்துக்குப் பழகிவிடும், தண்ணீரும் பாதியாவது மிச்சமிருக்கும்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து கிடக்கிறது, சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் இதன்மேல் கிடந்த பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். இப்போது பயமில்லாமல் கடக்கலாம், ஆனாலும் நடுவில் நின்று கீழே பார்த்தால் அடிவயிறு கூசும். அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோவில், களஞ்சியம், விரிந்து கிடக்கிற வயல்வெளி.

ராணிக்கோட்டைக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், கூட்டம் குறைவு. உச்சியில் குவிமாடம் வைத்த மண்டபத்தின் சாளரத்தில் உட்கார்ந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும், எதிரே ராஜகிரி முழுசாகத் தெரியும். ராஜகிரியைப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. விடிந்ததும் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்குவதாக இருந்தால் ராணிக்கோட்டைக்கே போங்கள், நான் மறுக்கமாட்டேன். மார்கழி, தையிலும் நான் சொன்ன கணக்கு அவ்வளவாகச் செல்லாது. மழைநாளில் இரண்டிலும் நான் ஏறியதில்லை. ஈரப் படியில் எது தேவலை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

குரங்குத் தொல்லை ராஜகிரியில் அதிகம். நிழலுக்குக் கொடுக்கிற விலை அது. கேரி பேக்கைக் கையில் தொங்கவிட்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காது, பிடுங்கிவிடும். முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள், தண்ணீர் பாட்டில் உட்பட. அப்புறம், பிற்பகலில் ராஜகிரிக்கு ஏற விடுவதை நிறுத்திவிடுவார்கள். அதனால் சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாக ஏறலாம் என்ற திட்டம் வேண்டாம். முட்டிவலிக்காரர்கள் உடன் வந்தால் அவர்களைக் கீழ்க்கோட்டையிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள். கல்யாண மகாலும் ஆனைக்குளமும் வெங்கடரமணர் கோவிலும் சுற்றிப் பார்க்கவே அரைநாள் பிடிக்கும்.