ஃபியூரி, ஜோஷுவா, வைல்டர், உசிக்: யாருக்கு மவுசு அதிகம், யாரிடம் சரக்கு அதிகம்?

ஹெவிவெயிட் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "அவன் எல்லாம் சும்மா பில்டப்பு" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் உடனே மல்லுக்கு வருவார். கடந்த பத்தாண்டுகளில் இந்த வாக்குவாதம் பெரும்பாலும் நான்கு பேரைச் சுற்றித்தான் நடக்கிறது: பிரிட்டனின் டைசன் ஃபியூரி, ஆண்டனி ஜோஷுவா, அமெரிக்காவின் டியான்டே வைல்டர், உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நால்வரில் மூவருக்குத் தகுதியை மீறிய பெயர் கிடைத்தது. எவ்வளவு மீறியது, ஏன் மீறியது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

தோல்வியே காணாதவர் என்ற கணக்கை வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம். யாரை ஜெயித்தார், அவர் எந்த வயதில் இருந்தபோது ஜெயித்தார், அடி வாங்கியபோது என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். மற்ற எடைப்பிரிவுகளுக்கு உச்சவரம்பு உண்டு. ஹெவிவெயிட்டில் கிடையாது, 90.7 கிலோவைத் தாண்டிய எவரும் ஏறலாம். அந்தக் கனத்தில் ஒரு குத்து பத்து சுற்றுத் தவறுகளை மூடி மறைத்துவிடும்.

வைல்டரை எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் பெர்மேன் ஸ்டிவர்னை வென்று டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) பட்டத்தைப் பிடிப்பதற்கு முன் அவர் ஆடியது 32 போட்டிகள், 32 வெற்றிகள், 32-ம் நாக் அவுட். மிரட்டலான கணக்குதான். ஆனால் அந்த 32 பேரில் ஐந்து பெயர்களை யோசிக்காமல் சொல்லக்கூடியவர்கள் அபூர்வம். பட்டத்தைப் பத்து முறை தக்கவைத்துக்கொண்டார். அதில் உருப்படியான எதிராளி என்றால் லூயிஸ் ஓர்டிஸ்தான். 2019 நவம்பரில் நடந்த இரண்டாவது மோதலைப் பார்த்தால் வைல்டர் மொத்தமும் புரிந்துவிடும். ஆறு சுற்றுகள் முடிந்தபோது புள்ளி போடும் மூன்று நடுவர்களின் அட்டையிலும் ஓர்டிஸ் முன்னிலை. நாற்பது வயதுக்காரர் நிதானமாகப் பாயிண்ட் சேர்த்துக்கொண்டிருக்கிறார், வைல்டர் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழாவது சுற்றின் கடைசியில் ஒரே ஒரு வலது கை. ரிங்குக்குள் நிற்கும் நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் ஓர்டிஸால் எழ முடியவில்லை.

இதைத் திறமை என்பதா, லாட்டரி என்பதா? திறமைதான், ஆனால் ஒற்றைத் திறமை. மகளின் மருத்துவச் செலவுக்காக இருபது வயதையொட்டிக் கையுறை மாட்டிய மனிதர், சில ஆண்டுகளிலேயே 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அதைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த வலது கையை 2020 பிப்ரவரியில் ஃபியூரி முன்னேறி வந்து அடைத்ததும், வைல்டரிடம் வேறு சரக்கு இல்லை என்பது ஏழு சுற்றில் தெரிந்துவிட்டது. ரிங்குக்கு அணிந்து வந்த அலங்கார உடை 18 கிலோவுக்கு மேல் இருந்தது, அதனால் கால் ஓய்ந்துவிட்டது என்று அப்புறம் சொன்ன காரணம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. நால்வரில் மிக அதிகமாக ஊதப்பட்டவர் இவர்தான்.

ஜோஷுவா கதை வேறு. 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம், அழகான உடல், பொறுமையான பேச்சு: விற்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? 2017 ஏப்ரலில் வெம்ப்ளியில் 90,000 பேர் முன்னால் முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிளிட்ச்கோவை வீழ்த்தினார். ஆறாவது சுற்றில் தரையில் விழுந்து, எழுந்து, பதினொன்றாவதில் கீழிருந்து மேலே வீசிய ஓர் அப்பர்கட்டில் தொடங்கிக் கதையை முடித்தார். நல்ல வெற்றி. ஆனால் எதிரே நின்றவர் 41 வயது கிளிட்ச்கோ. பதினேழு மாதம் ரிங்கிலேயே ஏறாதவர். அதைச் சொல்லாமலேயே ஜோஷுவாவை அலி வரிசையில் நிறுத்தியவர்கள், 2019 ஜூனில் நியூயார்க்கில் திகைத்துப்போனார்கள். கடைசி நேர மாற்று ஆளாக வந்த, தொப்பை தள்ளிய ஆண்டி ரூயிஸ் அவரை நான்கு முறை தரையில் விழவைத்து ஏழாவது சுற்றில் முடித்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இரவுக்குப் பிறகு ஜோஷுவாவைத் தேவைக்கு மேல் மட்டம் தட்ட ஆரம்பித்தார்கள். ஆறே மாதத்தில் அதே ரூயிஸோடு மறுபடி மோதி, ஜாபை, அதாவது முன்கையால் விடும் நேர்க்குத்தை மட்டும் நம்பிப் பட்டங்களைத் திரும்பப் பெற்றார். உசிக்கிடம் தோற்ற பிறகும் நேராக மறுமோதலுக்கே போனார். ஆளைத் தேடி ஓடியிருக்கிறாரே தவிர, ஆளுக்குப் பயந்து ஓடவில்லை. தாடை பலவீனம், அடி தாங்காது என்பது உண்மைதான். 2024 செப்டம்பரில் டேனியல் டுபா முதல் சுற்றிலேயே அவரை விழவைத்து ஐந்தாவதில் முடித்தார்.

இப்போது ஃபியூரி. 206 சென்டிமீட்டர் உயரம், அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கால் வேகம். 2015 நவம்பரில் டுசல்டார்ஃப் போய், 2004-க்குப் பிறகு தோற்காத கிளிட்ச்கோவைத் தொட முடியாமல் திணறவைத்தார். பார்க்கச் சலிப்பான போட்டி. ஆனால் எதிராளி தன் ஊராக்கிக்கொண்ட ஜெர்மனியில் பெற்ற அந்த வெற்றி ஜோஷுவாவின் வெம்ப்ளி வெற்றியைவிடக் கனமானது. 2018 டிசம்பரில் வைல்டரின் அடியில் மல்லாந்து கிடந்தவர் பன்னிரண்டாவது சுற்றில் எழுந்து நின்றது பற்றி நான் புதிதாக என்ன சொல்வது.

சிக்கல் எங்கே என்றால், ஃபியூரியின் மொத்தப் பெருமையும் இரண்டே பேர் மேல் நிற்கிறது: கிளிட்ச்கோ, வைல்டர். நடுவில் இரண்டரை ஆண்டுகள் மனச்சோர்வு, போதை, உடல் எடை என்று போய்விட்டன. 2023 அக்டோபரில், கலப்புத் தற்காப்புக் கலையிலிருந்து (எம்.எம்.ஏ.) வந்து தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதல் முறையாக ஏறிய பிரான்சிஸ் இங்கானு அவரைத் தரையில் தள்ளினார். மூன்று நடுவர்களில் இருவர் மட்டும் பக்கம் நின்றதால்தான் ஃபியூரி தப்பினார். நான்கு மாதம் கழித்து அதே இங்கானுவை ஜோஷுவா இரண்டே சுற்றில் தூங்கவைத்தார். உச்சத்தில் இருந்தபோது ஃபியூரியும் ஜோஷுவாவும் மோதியிருந்தால் பாதி வாக்குவாதம் அன்றே முடிந்திருக்கும்.

2024 மே, ரியாத். ஒன்பதாவது சுற்றில் உசிக்கின் இடது கை விழுகிறது. ஃபியூரி ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தள்ளாடுகிறார், உசிக் விடாமல் துரத்துகிறார். கயிறுதான் தாங்கிப் பிடிக்கிறது, அதனால் விழுந்ததாகவே கணக்கிட்டு நடுவர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறார், சுற்று முடியும் மணி காப்பாற்றுகிறது. உசிக்கைவிட ஏறக்குறைய 17 கிலோ கூடுதலான மனிதருக்கு இந்தக் கதி. டிசம்பர் மறுமோதலில் வித்தியாசம் 25 கிலோ, உடையோடு எடுத்த எடை. அப்போதும் மூன்று அட்டையிலும் 116-112 என்ற புள்ளிக்கணக்கில் உசிக்குக்கே வெற்றி.

உசிக் கீழ்ப்பிரிவான குரூசர்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர். அங்கே வெவ்வேறு அமைப்புகள் தரும் எல்லாப் பட்டங்களையும் 2018-ல் மாஸ்கோவில் ஒன்றாகச் சேர்த்துவிட்டுத்தான் வந்தார். இரு பிரிவுகளிலும் அதைச் செய்தவர் அவருக்கு முன் அமெரிக்காவின் இவாண்டர் ஹோலிஃபீல்டு மட்டும்தான். ஜோஷுவாவையும் ஃபியூரியையும் தலா இரண்டு முறை வென்றவர். ஒன்றுகூட அவர் சொந்த மண்ணில் நடக்கவில்லை.

சரி, இவருக்கு எதிராகச் சொல்ல ஒன்றுமே இல்லையா? உண்டு. 2020-ல் பிரிட்டன் வீரர் டெரிக் சிசோரா ஆரம்பச் சுற்றுகளில் முரட்டுத்தனமாக நெருக்கியபோது தடுமாறினார். 2023-ல் போலந்தில் உசிக்கைத் தரையில் தள்ளிய டுபாவின் குத்து இடுப்புப் பட்டிக்குக் கீழே (விதிப்படி தவறு) விழுந்ததா, மேலே விழுந்ததா என்று இன்னும் வழக்காடுகிறார்கள். 2025 ஜூலையில் வெம்ப்ளியில் அதே டுபாவை ஐந்தாவது சுற்றில் படுக்கவைத்த பிறகு, என்னைப் பொறுத்தவரை அந்த வழக்கு தள்ளுபடி. மிச்சமிருக்கும் ஒரே ஆட்சேபம், 2018, 2019 காலத்து வைல்டரை அவர் சந்திக்கவே இல்லை என்பது. சந்தித்திருந்தால் பதினோரு சுற்றுகள் உசிக் முன்னிலையில் இருந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பன்னிரண்டாவதுக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.