விதைத் தேயிலையா, விபி தேயிலையா?

பெப்ரவரி வெயிலில் எங்கள் மலையில் பாருங்கள்: பத்து மணிக்கே விபி (தண்டு வெட்டி நட்டு வளர்த்த தேயிலை) கொழுந்து தலை தொங்கும், பக்கத்து விதைச் செடி நிமிர்ந்து நிற்கும். வறட்சியை உணரும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். மண் காய்ந்தால் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹோர்மோன் கூடும். இலையிலுள்ள நுண்துளையான இலைவாயின் இருபுறமும் இருக்கும் காவற்கலங்கள் நீரிழந்து தளர, இலைவாய் மூடும். நீரிழப்பு குறையும். மழை பெய்து செடியில் நீர் ஏறியதும் அமிலம் குறைந்து இலைவாய் மறுபடி திறக்கும். ஆனால் மூடியிருக்கும்போது காபனீரொட்சைட்டும் உள்ளே போகாது, அதனால்தான் கொழுந்து குறைகிறது.

வித்தியாசம் வேரில். விதைச் செடியின் ஆணிவேர் ஆழத்து ஈரத்தை எட்டும். தண்டு வெட்டி வளர்த்த விபிக்கு அது இல்லை. கொழுந்து கூடுதலாகத் தரும், சரி. விபியிலும் டிஆர்ஐ 2025 என்ற இனம் வறட்சியை நன்றாகத் தாங்கும், டிஆர்ஐ 2023 என்ற இனம் தாங்காது. வறண்ட சரிவில் பழைய விதைச் செடியைப் பிடுங்க நான் சம்மதிக்கவே மாட்டேன்.