நியூட்ரான் விண்மீனின் உள்ளே பார்க்க: ஒளியா, நியூட்ரினோவா?

பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் அடர்ந்த கருதான் நியூட்ரான் விண்மீன். அதைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு வரும் குழப்பம் இது: சேதி கொண்டுவரும் எந்தத் தூதரை நம்புவது, ஒளியையா, நியூட்ரினோவையா? அங்கே ஒரு கன சென்டிமீட்டர் பொருளே 20 கோடி டன்னைத் தாண்டும்.

வெளியே வரும் வழி
ஒளி: விண்மீனின் உள்ளே நெருக்கியடித்து நிற்கும் எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்தை உடனுக்குடன் ஈடுகட்டிவிடும். ஒளித்துகளான ஃபோட்டான் நிறையுள்ள துகளைப் போல நடந்துகொள்ளும். அதன் ஆற்றல் சில மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) கீழே இருந்தால் அங்கே பரவவே முடியாது. சாதாரண எக்ஸ் கதிருக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான். பத்துக் கோடி டிகிரியில் தகிக்கும் மையம், ஆனால் கும்மிருட்டு! எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.
நியூட்ரினோ: பொருளோடு அரிதாகவே மோதும் நுண்துகள். விண்மீன் பிறந்த முதல் நொடிகளில் அதுவும் சிக்கித் திணறும். கொஞ்சம் ஆறியதும் தடையில்லை.

பிடிக்கும் சிரமம்
ஒளி: சுலபம். விண்வெளி நிலையத்தில் 2017இல் பொருத்தப்பட்ட நைசர் தொலைநோக்கி, மேற்பரப்பின் எக்ஸ் கதிர்களை வைத்தே ஆரத்தைக் கணிக்க உதவியிருக்கிறது.
நியூட்ரினோ: மகா கடினம். 1987 பிப்ரவரி 23 அன்று, ஒரு பெரிய விண்மீன் இறக்கும் சூப்பர்நோவா வெடிப்பிலிருந்து மூன்று கருவிகளில் சிக்கிய நியூட்ரினோக்கள் சுமார் இரண்டு டஜன். ஆனால் ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே வந்துவிட்டன.

ஆரமும் மேற்பரப்பு வெப்பமும் தெரிய வேண்டுமென்றால் ஒளி போதும். பிறப்பின் முதல் நொடிகளைக் கேட்டால், நியூட்ரினோவையே தேர்ந்தெடுப்பேன்.